பள்ளிக்கூடத்துக்குப் பெயரானவன்

அத்தியாயம் 5

செத்தவன் பெயரைத் தினமும் காலையில் கூப்பிடும் பள்ளிக்கூடம் அது.

பிரார்த்தனை முடிந்ததும் தலைமையாசிரியர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அறிவழகன்” என்பார். மைதானத்தில் நிற்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில், “உள்ளேன் ஐயா” என்பார்கள். அதற்குப் பிறகுதான் உயிரோடு இருப்பவர்களுக்கு வருகைப் பதிவு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். நடுவில் புத்தம் புதிய மாடிக் கட்டடம். அதன் நெற்றியில் நீல எழுத்து: அறிவழகன் நினைவு உயர்நிலைப் பள்ளி, தீர்த்தக்குப்பம்.

2006, ஜூன் ஒன்று. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். பிள்ளைகள் பதில் சொன்னபோது, மைதானத்தின் ஓரத்தில் நின்றிருந்த துப்பறிவாளர் தங்கராசுவுக்கு முன்கையில் மயிர் நட்டுக்கொண்டது.

“சார், அந்த ஆளு நிஜமாவே திரும்பி வந்தா இவங்க என்ன பண்ணுவாங்க?” என்றாள் பக்கத்தில் நின்ற கிருபா. “ஒன்றரை வருஷத்துக்கு லீவு லெட்டர் கேப்பாங்களா?”

“வாயை மூடு.”

“பயத்துல பேசுறேன் சார். வாயை மூடினா பல்லு அடிச்சுக்குது.”

கிருபா தங்கராசுவின் உதவியாளர். இந்தக் கேஸ் வந்ததே அவள் வழியாகத்தான். புதுச்சேரிக் கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த வினோதினி, இந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. அறிவழகனின் மனைவி. இரண்டு நாளைக்கு முன்பு அவள் வீட்டு வாசலில் யாரோ அறிவழகனின் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலால் கழற்றி விட்ட மாதிரி, ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும்.

அறிவழகன் இதே பள்ளியில் படித்தவன். இந்தக் குப்பத்திலிருந்து முதன்முதலாக எஞ்சினியரிங் கல்லூரிக்குப் போனவன், பிறகு துபாய்க்குப் போனவன். 2004 டிசம்பரில் லீவில் வந்திருந்தான். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூட்டிக் கிடந்த பள்ளிக்கு ஓடி மணியை விடாமல் அடித்தானாம். சத்தம் கேட்டு ஊரில் பெரும்பாலோர் ஓடித் தப்பித்தார்கள். பள்ளியோடு அவனையும் கடல் எடுத்துக்கொண்டது. உடல் கிடைக்கவில்லை. அவனைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர். அவன் வகுப்புத் தோழர் கலியபெருமாள்.

அந்தக் கலியபெருமாள் இப்போது மைக்கின் முன் நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. பழைய மாணவர் சங்கத் தலைவர். உப்பளத்துக்கு அக்கரையில் சொந்தமாக ஆசிரியர் பயிற்சிப் பள்ளி கட்டிக்கொண்டிருக்கிறார். பள்ளிச் சுவரில் கட்டிய பேனர் அவரைக் கல்வித் தந்தை என்றது.

“பசங்களா, நான் பத்தாவதுல ஃபெயில் ஆனவன்” என்று ஆரம்பித்தார். “ஊரே சிரிச்சிது. அக்டோபர்ல மறுபடியும் எழுதினேன். பாஸ் பண்ணேன். இன்னிக்கு வாத்தியாருங்களை உருவாக்குறதுக்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டுறேன். தோல்வியப் பாத்து யாரும் பயப்படக் கூடாது.”

பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“நல்லாப் பேசுறாரு” என்றார் தங்கராசு.

“ஃபெயில் ஆகாம நேரா பாஸ் பண்ணவன் எவனும் இந்த மாதிரி மேடையேற முடியாது சார். கதை வேணும்ல.”

கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். யாரும் கத்தவில்லை. வராந்தாச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

தங்கராசு உள்ளே போனார். கரும்பலகையில் பெரிய பெரிய எழுத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது.

இன்று என் பிறந்த நாள். மாலை ஆறு மணிக்கு என்னிடம் வந்துவிடு. அறிவு.

பலகையின் ஆணியில் ஒரு கைக்கடிகாரம் தொங்கியது. வினோதினி அதைக் கையில் எடுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கிழிந்த இடத்தில் சிவப்பு நூலால் தையல் போட்டிருந்தது.

“நான் தெச்சது” என்றாள். “கறுப்பு நூல் தீந்து போச்சு. சிவப்புல தெச்சேன். கோயில் கயிறு மாதிரி இருக்குதுன்னு கிண்டல் பண்ணாரு.”

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கராசுவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

*

பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

“வினோ, இங்க பாருடி” என்றாள் கிருபா. “ஆறு மணிக்கு நீ எங்கயும் போகப் போறதில்ல.”

“அவரு கூப்பிடுறாருடி.”

“கூப்பிடுறவரு நேர்ல வந்து கூப்பிடலாமே. சாக்பீஸ் என்னாத்துக்கு?”

வினோதினி கடிகாரப் பட்டையின் தையலைத் தடவினாள். தங்கராசு ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

“உங்களை யாருக்கும்மா பிடிக்காது?”

“என்னை ஏன் சார் பிடிக்காது? ஊரே கும்பிடுது. தியாகி பொண்டாட்டி.” கொஞ்சம் நிறுத்தினாள். “போன வாரம் விழா கமிட்டியில ஒண்ணு சொன்னேன். அவருக்குச் சிலை வெக்கப் போறாங்க. அந்த மேடையில உள்ளதைப் பேசப் போறேன்னு சொன்னேன்.”

“என்ன உள்ளது?”

“சனிக்கெழமை சாயந்தரம் ஒரு ஆளைப் பாத்துட்டு வரேன்னு போனாரு. ராத்திரி வூட்டுக்கு வரவே இல்ல. காலையில கடல் வந்துது. ராத்திரி எங்க இருந்தாருன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. யாராவது சொல்லுங்கன்னு மேடையில கேக்கப் போறேன்.”

“கமிட்டி என்ன சொல்லுச்சு?”

“வேணாம்னாங்க. வீரனோட பேரு கெட்டுடும்னாங்க.”

தங்கராசு பலகையைப் பார்த்தார். “அவருக்கு இன்னிக்குப் பிறந்த நாளா?”

“சர்ட்டிபிகேட்ல ஜூன் ஒண்ணு” என்ற வினோதினி லேசாகத் தலையை ஆட்டினாள். “அவரு செட்டுல எல்லாருக்குமே ஜூன் ஒண்ணுதான் சார். பெரிய வாத்தியாரு தலைக்கு மேல கையைச் சுத்தி எதிர்க் காதைத் தொடச் சொல்லுவாராம். தொட்டுட்டா அஞ்சு வயசு. தேதி கேட்டா பெத்தவங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் திறந்த தேதியைப் போட்டுடுவாரு.”

“நிஜமான தேதி?”

“மாசி மகம். சாமியெல்லாம் கடலுக்கு வந்த அன்னிக்குப் பொறந்தாருன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. எங்க வூட்டுல மாசி மகத்துக்குத்தான் பாயசம் வெப்போம். ஜூன் ஒண்ணு வந்தா அவரு துபாய்லேர்ந்து போன் போட்டு, ‘இன்னிக்கு வாத்தியார் என்னைப் பெத்த நாளு’ன்னு சிரிப்பாரு.”

அவள் பேச்சு நின்றது. சிரிப்பும் நின்றது. பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு எழுதினா இந்தத் தேதியைப் பிறந்த நாள்னு எழுதுவாரா?” என்றார் தங்கராசு.

வினோதினி நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன்பு செத்தவன் அந்த நிமிடம் அவளுக்கு இரண்டாவது தடவை செத்துப்போனான். கிருபா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை எந்த ஜோக்கும் வரவில்லை.

“அப்ப வாட்ச்?” என்றாள் வினோதினி.

தங்கராசு கடிகாரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கடிகாரத்தில் துருவோ உப்போ இல்லை. கடலில் கிடந்த பொருள் இல்லை அது. அறிவழகன் கையிலிருந்து யாரோ கழற்றியிருக்கிறார்கள். அப்படியானால் கழற்றும்போது அறிவழகன் தடுக்கும் நிலையில் இல்லை.

“வேற எதையாவது அவர் சொன்னது ஞாபகம் இருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல.”

“எல்லாமே ஞாபகம் இருக்குது சார். எதைச் சொல்றது? பத்தாவது பரீட்சையை ரெண்டு தடவை எழுதின ஒரே ஸ்கூல் ஃபர்ஸ்ட் நான்தான்னு சொல்லுவாரு. ஏன்னு கேட்டா சிரிப்பாரு. அந்த மாதிரி நிறைய.”

கதவைத் தட்டிவிட்டுக் கலியபெருமாள் உள்ளே வந்தார். பலகையைப் படித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எந்த நாயி இந்த வேலையப் பண்றது?” என்றார் தாழ்ந்த குரலில். “தங்கச்சி, நீ இங்க இருக்காத. சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டதும் என் வண்டியில ஏறு. மரக்காணத்துல எங்க வூட்டுல இரு. உங்க அண்ணி இருக்குது, நாய் இருக்குது, காம்பவுண்டு இருக்குது. எவன் வரான்னு பாப்போம்.”

தங்கராசுவுக்கு அது சரியாகப் பட்டது. எழுதியவன் ஆறு மணிக்கு வினோதினியைத் தேடி வருவான். அவளுக்குப் பதில் கிருபா இருப்பாள்.

“அதாவது என்னைத் தூண்டில்ல புழுவா மாட்டுறீங்க” என்றாள் கிருபா.

“புழு இவ்ளோ பேசாது.”

நான்கு மணிக்குப் பள்ளி விட்டது. வினோதினியின் குடையையும் கைப்பையையும் கிருபா வாங்கிக்கொண்டாள். வினோதினி கலியபெருமாளின் சுமோவில் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கலியபெருமாள் தன் கையாலேயே கதவைச் சாத்தி, அழுத்திப் பார்த்தார்.

*

பிள்ளைகள் போன பிறகு பள்ளிக்கூடம் வேறு மாதிரி ஆகிவிட்டது. காற்று ஒவ்வொரு வகுப்பாக நுழைந்து நுழைந்து வெளியே வந்தது. உப்பளத்திலும் ஆள் இல்லை. அன்றைக்கு வார வேண்டியதைக் காலையிலேயே வாரிவிட்டுப் போயிருந்தார்கள். வெயில் சாய்ந்தும் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூச வைத்தன. மறைந்து நிற்க அந்த வெளியில் ஒரு மரம்கூட இல்லை. ஆனாலும் யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது போலத் தங்கராசு அடிக்கடி பின்னால் திரும்பினார்.

பள்ளி முற்றத்துப் பூவரச மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அறிவழகன் அடித்த மணி. பழைய பள்ளியில் அது ஒன்றுதான் மிஞ்சியது. குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள்.

“சார், ஒரு ஐடியா” என்றாள் கிருபா. “எவனாவது வந்து என் கழுத்தைப் பிடிச்சா எப்படிக் கத்துறது? கழுத்தைத்தான் பிடிச்சிருப்பானே. அதனால இந்த மணிகிட்டயே உக்காந்துக்குறேன். ஒரு அடி அடிச்சா ஊரே வந்துடும்ல?”

அடிக்கும் கம்பியைத் தேடினாள். மரத்தின் கிளையில் இல்லை. அடியில் இல்லை. மாலைக்குப் பின்னால் இல்லை. சலித்துப்போய் ஒரு கருங்கல்லை எடுத்துத் தண்டவாளத்தில் தட்டினாள். டொக் என்றது. மறுபடி ஓங்கி அடித்தாள். கல்லில் சில்லு பெயர்ந்தது. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த சாலம்மாள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“யம்மா, இதுக்குக் கம்பி எங்க?” என்று கிருபா கூப்பிட்டுக் கேட்டாள்.

சாலம்மாள் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்தாள். பழைய பள்ளியிலிருந்தே இங்கே வேலை செய்பவள். இடுப்புக் கூடையைத் தட்டிக் காட்டினாள். “இதோ கீது. கடைசி பெல் அடிச்சதும் வூட்டுக்கு எடுத்துக்கினு போயிடுவேன். வெச்சுட்டுப் போனா ராவுல எவனாவது இரும்புக் கடையில போட்டுடுவான்.”

“லீவு நாள்ல?”

“லீவுன்னா வூட்டுலயேதான் கெடக்கும்.”

தங்கராசு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார்.

“சுனாமி வந்தது ஞாயித்துக்கெழமை” என்றார்.

“ஆமா சார். அரைப்பரீட்ச லீவு வேற.”

“அன்னிக்குக் கம்பி எங்க இருந்துது?”

“எங்க வூட்டுல. வூட்டோட போயிடுச்சு. இது பஞ்சாயத்துல புச்சா வாங்கிக் குடுத்தது.”

“அப்ப அறிவழகன் எதால மணி அடிச்சாரு?”

சாலம்மாள் தண்டவாளத்தைப் பார்த்தாள், கிருபாவின் கையிலிருந்த கல்லைப் பார்த்தாள்.

“நீங்க அன்னிக்கு மணிச் சத்தம் கேட்டீங்களா?” என்றார் தங்கராசு.

“எல்லாரும் கேட்டுதுன்னாங்க சார். எனக்கும் கேட்டா மாதிரிதான் இருந்துது. ஓடும்போது காதுல எதுதான் கேக்கல? கலியபெருமாளு கண்ணால பாத்தேன்னு சொன்னப்புறம் எங்களுக்குக் கேக்காம இருக்குமா?”

கிருபாவின் கையிலிருந்து கல் விழுந்தது.

“சார். பார்த்தவன் பொய் சொல்லியிருக்கான்.”

“பத்தாவது பரீட்சையை ரெண்டு தடவை எழுதினார் அறிவழகன்” என்றார் தங்கராசு. “ஸ்கூல் ஃபர்ஸ்ட் எதுக்கு ரெண்டாவது தடவை எழுதணும்?”

“தனக்காக இல்ல. வேற ஒருத்தன் பேர்ல.” கிருபா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “அக்டோபர்ல பாஸ் பண்ணேன்னு காலையில மைக்ல சொன்னானே சார்.”

பத்தாம் வகுப்பே தேறாதவன் ஆசிரியர்களை உருவாக்கப் போகிறான். அது தெரிந்த ஒரே ஆள் டிசம்பரில் துபாயிலிருந்து லீவில் வந்தான். சனிக்கிழமை சாயந்தரம் கலியபெருமாளைப் பார்க்கப் போனான். மறுநாள் காலை கடல் வந்து கொலைகாரனுக்குச் சாட்சி சொன்னது. காணாமல் போனவர்களோடு ஒருவனாகச் சேர்த்துவிட்டால் எங்கே போனான் என்று எவனும் தேட மாட்டான். வீரனாக்கிப் பள்ளிக்கூடத்துக்கே பெயர் வைத்துவிட்டால் தேடலாமா என்று நினைக்கக்கூட மாட்டான்.

“நம்மளே கதவைத் திறந்து ஏத்தி விட்டோம்” என்றாள் கிருபா.

தங்கராசு செல்போனை எடுத்தார். விரல் இரண்டு தடவை தப்பான பொத்தானை அழுத்தியது. மறுமுனையில் மணி நீண்ட நேரம் அடித்தது.

“சொல்லுங்க சார்” என்றார் கலியபெருமாள்.

“வீடு போய்ச் சேர்ந்துட்டீங்களா?”

“அப்பவே வந்தாச்சு சார். தங்கச்சி உள்ள படுத்துத் தூங்குது. பாவம், அசதி.”

கிருபா பள்ளி மாடிக்கு ஓடியிருந்தாள். மேலேயிருந்து கையை நீட்டிக் காட்டினாள். தங்கராசு போனைக் காதில் வைத்தபடியே படியேறிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று கிடந்த உப்பளத்துக்கு அக்கரையில், பூச்சு வேலை முடியாத ஒரு மாடிக் கட்டடம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. வாசலில் சுமோ நின்றது. கொத்தனார்களும் சித்தாள்களும் வேலை முடிந்து ரோட்டை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“வண்டி எங்கண்ணே?” என்றார் தங்கராசு.

“வூட்டு வாசல்லதான் நிக்குது. ஏன் சார்?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

போனில் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. மொட்டை மாடிக் காற்று.

தங்கராசு போனை அணைத்தார். “பலகையில எந்த இடம்னு எழுதலை, பாத்தியா? என்னிடம் வந்துவிடுன்னு மட்டும் எழுதியிருக்கான். செத்தவன்கிட்ட எப்படி வருவாங்க? அது அவளைக் கூப்பிட எழுதினது இல்ல கிருபா. எட்டாங்கிளாஸ் மொத்தமும் படிக்கணும்னு எழுதினது. புருஷன் நினைப்புல புத்தி மாறி மாடியிலேர்ந்து குதிச்சுட்டாள்னு நாளைக்கு ஊரே நம்பும்.”

“ஆறு மணிக்கு.”

“வேலைக்காரங்க போகட்டும்னு காத்திருக்கான்.”

கிருபா ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். வருகிறோம் என்றார்கள். ரோடு சுற்றிக்கொண்டு போக வேண்டும். கிருபாவின் ஸ்கூட்டியில் போனாலும் உப்பள வரப்பில் வண்டி ஏறாது. பழக்கமில்லாத கால் வரப்பில் ஓடாது, நடந்தால் இருட்டிவிடும். கத்தினால் காற்று குரலைக் கடலுக்கே திருப்பிக் கொண்டுபோய்விடும்.

சாலம்மாள் படிக்குக் கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கராசு அவளிடம் இறங்கி வந்தார்.

“கம்பியைக் குடும்மா. இதை நிறுத்தாம அடிச்சா என்ன ஆகும்?”

அவள் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அதை மட்டும் கேக்காத சார். நிறுத்தாம அடிச்சா கடல் வருதுன்னு அர்த்தம். குப்பம் மொத்தமும் ஓடும்.”

“எங்க ஓடும்?”

சாலம்மாள் அக்கரையைப் பார்த்தாள். “அந்த மாடிக்குத்தான். இந்தப் பக்கத்துல அதுதான் ஒசரம். கலியபெருமாளேதான் ஊர்க்கூட்டத்துல சொன்னாரு, எந்நேரமும் என் மாடிக்கு வந்துடுங்கன்னு. பிள்ளைங்களுக்கு ஓடிப் பழக்கி வெச்சிருக்கோம்.”

“குடும்மா.”

“நெஞ்சு வெடிச்சு எவனாவது செத்துப் போவான் சார். எம் பொண்ணு அன்னிக்கு ஓடுற கூட்டத்துலதான் என் கையை விட்டா.”

அக்கரையில் கடைசிச் சித்தாளும் ரோட்டில் ஏறிவிட்டாள். மாடியில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்று வெள்ளை. ஒன்று வினோதினியின் பச்சைச் சேலை. மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை.

தங்கராசு கூடைக்குள் கை விட்டுக் கம்பியை எடுத்தார். அவள் தடுக்கவில்லை. அவர் அடித்தார்.

முதல் அடியில் ஒன்றும் நடக்கவில்லை. பள்ளி மணிதானே என்று குப்பம் சும்மா இருந்தது. தொடர்ந்து அடித்தார். எங்கோ ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அப்புறம் குரல்களைத் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. தெருவிலிருந்து ஆட்கள் பிதுங்கி வந்தார்கள். ஈர வலையோடு ஒருவன், பாதி சோப்பில் ஒரு குழந்தை, பெற்றவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இந்த ஊர் கற்றுக்கொண்டிருந்தது. உப்பள வரப்புகளில் கறுப்பாக வரிசை வரிசையாக ஓடினார்கள். வரப்பில் இடம் போதாதவர்கள் பாத்திகளிலேயே இறங்கி, வாரக் காத்திருந்த உப்பை மிதித்துக்கொண்டு ஓடினார்கள்.

பொய் மணி என்பது தங்கராசுவுக்குத் தெரியும். அடிப்பதே அவர்தான். ஆனாலும் இரண்டு தடவை கடலைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு கை கம்பியைப் பிடித்தது. சாலம்மாள்.

“நீ போ சார். நான் அடிக்கிறேன். நிறுத்தினா பாதியில நின்னுடுவாங்க.” அவள் கன்னம் நனைந்திருந்தது.

*

கிருபா ஸ்கூட்டியை ரோடு வழியாக விரட்டினாள்.

“சார், இந்த வேகத்துல போனா அவன் கொல்ல வேணாம், நம்மளே போய்ச் சேந்துடுவோம்.”

“இன்னும் வேகமாப் போ.”

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் படியில் அடைத்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. தங்கராசு ஆட்களின் முதுகையும் முழங்கையையும் தள்ளிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படியிலும் ஒரே நினைப்பு. முதலில் ஏறியவன் மேலே போவதற்குள் ஒரு தள்ளு போதும். இறங்கிக் கட்டடத்தின் அந்தப் பக்கம் தரையைப் பார்க்கலாமா என்று நினைத்தார். தைரியம் வரவில்லை.

மாடி நிறைந்திருந்தது. நடுவில் கலியபெருமாள் நின்றார். ஒரு கிழவர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தை அவர் வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. “நீ நல்லாருக்கணும் ராசா” என்றாள் ஒருத்தி. “உன் மாடி இல்லன்னா இன்னிக்குப் போயிச் சேந்திருப்போம்.” கலியபெருமாள் கூட்டத்தின் நடுவில் அசைய முடியாமல் நின்றார். அவர் கண்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தன. அவருக்கும் பயம்.

வினோதினி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கிருபா ஓடிப்போய் அவளை உள்பக்கமாக இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

மணி நின்றது. சாலம்மாளின் கை ஓய்ந்திருக்க வேண்டும்.

“கடல் வரலை” என்றார் தங்கராசு சத்தமாக. “மணி அடிச்சது நான்தான்.”

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். பிறகு வலைக்காரன் ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். “ஏம்பா, உனக்கு இது வெளாட்டா? எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி, தெரியுமா?” என்றான். அடுத்து அடி விழத் தயாராக இருந்தது. தங்கராசு தடுக்கக் கையைத் தூக்கவில்லை.

“விடுப்பா அவரை” என்றார் கலியபெருமாள். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. “தங்கச்சி குதிக்க வந்துது. நான்தான் பிடிச்சு வெச்சிருந்தேன். அதைப் பாத்துட்டு அடிச்சிருப்பாரு. சார், நல்ல வேளை வந்தீங்க.”

கூட்டம் அவரை மறுபடியும் கும்பிடத் தொடங்கியது. தங்கராசுவுக்குப் புரிந்தது. இந்தக் கூட்டத்திடம் மணி, கம்பி, பிறந்த நாள் என்று எதைச் சொன்னாலும் எடுபடாது.

வினோதினி எழுந்து நின்றாள்.

“நான் சாகப் போறேன்னு நெனச்சு எல்லாத்தையும் சொல்லிட்டான்” என்றாள். குரலில் கோபமில்லை. தூங்கி எழுந்தவள் போலப் பேசினாள். “வாத்தியாரை உருவாக்குற எடத்துல நீ உக்காராதடா, அது பாவம்னு அவரு சொன்னாராம். அன்னிக்குச் சாயந்தரம் இந்தக் கட்டடத்து அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தாங்களாம். மூடுறது சுலபமா இருந்துதுன்னு சொன்னான்.”

கலியபெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குழந்தையின் தாய் அவர் வேட்டியிலிருந்து குழந்தையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“எந்தத் தூணுன்னு கேட்டேன்” என்றாள் வினோதினி. “கையை நீட்டி அந்த மூலையைக் காட்டினான். அப்பத்தான் மணி அடிச்சுது.”

அவள் தங்கராசுவைப் பார்த்துத் திரும்பினாள்.

“தெனமும் சாயந்தரம் கடலைப் பாத்து விளக்கு வெச்சேன் சார். குடு, குடுன்னு கடல்கிட்ட கேட்டேன். அது எடுக்கவே இல்ல. அவரு எனக்கு முதுகுப் பக்கத்துல இருந்திருக்காரு.”

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. வலைக்காரன் படி இறங்கினான். அவன் பின்னால் இன்னும் சிலர் இறங்கினார்கள். மற்றவர்கள் கலியபெருமாளைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். யாரும் அவரைத் தொடவில்லை. வழியும் விடவில்லை.

கொத்தனார்கள் சாமான்களைக் கீழேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தரைத் தளத்திலிருந்து கடப்பாரை சிமென்ட்டில் இறங்கும் சத்தம் கேட்டது.